மெதோதியின் ஆறு குதிரைகள்

எங்கள் குடியிருப்பின் வாசல் கதவில் நேற்று மெதோதியின் ஆறாம் மாத நினைவுத்தாளை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் தண்ணீர் நிறுத்தும் அறிவிப்பு, இன்னொரு பக்கம் பூனைக்குட்டி இலவசம் என்ற காகிதம், நடுவில் இவர். படம் பழையது, தொழிற்சாலை அடையாள அட்டைக்கு எடுத்தது. சட்டைக் காலர் ஒரு பக்கம் மடிந்து கிடக்கிறது. படத்துக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் பேனாவால் சின்னதாக ஒரு குதிரை வரைந்து வைத்திருக்கிறான்.

செத்தவர் முகத்துக்குக் கீழே குதிரை வரைகிற ஊர் இது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது. அந்தக் குதிரையை ஊருக்குள் அவிழ்த்துவிட்டவளே நான்தான். எங்கள் பெர்னிக்கில் எந்தக் காப்பிக்கடையிலும், பையில் சிகரெட்டை வைத்துக்கொண்டு இல்லை என்று கையை விரிப்பவனைப் பார்த்து, "எடுடா மெதோதி குதிரையை" என்பார்கள். பதினெட்டு வருடமாக அப்படித்தான். சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு மெதோதி யார் என்றே தெரியாது. அதனால் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மெதோதி எங்கள் கியர்பெட்டித் தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். நான் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கணிப்பொறி அறையில் பதினேழு வருடம். அவர் மேலிருந்து தாள்களை அனுப்புவார், நான் எண்களை இயந்திரத்துக்குள் ஏற்றுவேன். மேசை நீளத்துக்குக் கோடு போட்ட தாள்கள். ஒவ்வொன்றிலும் வலது ஓரம் பின்பக்கமாக மடிக்கப்பட்டு குண்டூசி குத்தியிருக்கும். மடிப்புக்குள் இருப்பதை யாரும் பார்க்கக் கூடாது. அங்கேதான் கையிருப்பு எழுதப்பட்டிருந்தது.

இது புரியாதவர்களுக்கு மெதோதியும் புரிய மாட்டார். தலைநகர் சோஃபியாவில் அமைச்சகம் நூறு கியர்பெட்டி கேட்கும். எங்களால் நூற்றிருபது முடியும். சொல்ல மாட்டோம். சொன்னால் அடுத்த வருடம் நூற்றிருபது கேட்பார்கள், அதற்கடுத்த வருடம் நூற்றைம்பது. ஆகவே தொண்ணூறுதான் முடியும் என்று அழுவோம். அழுவது பொய் என்று அமைச்சகத்துக்குத் தெரியும், பத்து கூட்டிப் போடுவார்கள். கூட்டிப் போடுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும், எண்பது என்று அழுவோம். அமைச்சகத்திடம் மட்டும் என்றில்லை. பட்டறைக்காரன் திட்டப் பிரிவிடம் மறைப்பான், திட்டப் பிரிவு இயக்குநரிடம் மறைக்கும். கீழ்த்தளத்தில் நாங்கள் அச்சு ரிப்பன்களை அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்போம். யாரும் இதைத் திருட்டு என்று நினைத்ததில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்புவது மாதிரி அது.

எண்பத்து மூன்றில் வார்ப்பட உலை ஒரு மாதம் நின்றுபோனது. ஆண்டு இறுதி. அமைச்சகத்திலிருந்து ஆள் வந்து உட்கார்ந்திருக்கிறான், இயக்குநருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. மெதோதி எழுந்து, நிலக்கரிக் கொட்டகைக்குப் பின்னால் போய், தார்ப்பாயை விலக்கி நாற்பத்திரண்டு கியர்பெட்டிகளைக் காட்டினார். இயக்குநருக்கே தெரியாமல் நான்கு வருடமாகச் சேர்த்தது. பதக்கம் கொடுத்தார்கள், கடற்கரை ஓய்வு இல்லத்தில் இரண்டு வாரம் கொடுத்தார்கள். அன்றைக்கு எல்லோரும் அவரைத் தோளில் தூக்காத குறை. ஒரு மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஜெயித்தால் அது பெரிய ஆபத்து. அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான்.

மதியச் சாப்பாட்டில் பாதியைத்தான் சாப்பிடுவார், மீதியைக் காகிதத்தில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார். பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருப்பார். கல்யாணமாகி ஆறாவது வருடம் மனைவி வார்னாவுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் என்னிடமே சொன்னாள்: "இந்த மனுஷன் மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கத் தனியா ஒரு ஆள் போடணும், நெவ்யானா. என்னால முடியல."

தொண்ணூற்றாறில் தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். கணிப்பொறிகளைப் பழைய இரும்போடு லாரியில் ஏற்றியபோது நல்லதாக ஒன்றைப் பார்த்து நான் போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. அதில் சந்தையில் வாங்கிய ஒரு விளையாட்டை ஏற்றி, சும்மா இருக்கிற பொழுதுகளில் ஆடிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிற பொழுதுகள்தான் நிறைய இருந்தனவே.

ஆட்டம் இதுதான். உலகம் இருட்டாகக் கிடக்கும். உன் கையில் ஒரு குடியேறிக் கூட்டமும் ஒரு வேவுக்காரனும். முறைக்கு ஒரு நகர்வு. நகரம் கட்டு, காட்டை வெட்டு, களஞ்சியம் கட்டு, அடுத்த குடியேறிகளை அனுப்பு. கொஞ்சம் கொஞ்சமாகப் பேரரசு ஆகும். எனக்கு அது பொழுதுபோக்கு. மெதோதி ஒருநாள் திருப்புளி கேட்டு வந்தவர், திரையைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றார்.

"முதல் முறையில நீ என்ன பண்ணின?"

"நின்ன இடத்துலயே நகரம் கட்டினேன். எதுக்கு?"

"ஆத்தங்கரைக்கு ஒரு எட்டு நடந்திருந்தா?"

"ஒரு முறை வீணாப் போகும்."

"வீணாப் போனது எத்தனாவது முறையில திரும்பக் கிடைக்கும்னு கணக்குப் பார்த்தியா?" என்று கேட்டார். நான் ஏன் பார்க்கப் போகிறேன்? "தாள் இருக்கா?"

அன்றிலிருந்து தினமும் வந்தார். அவர் ஆடவில்லை. இருபதாவது முறை வரை போவார், நிறுத்துவார், முதலிலிருந்து தொடங்குவார். நிற்குமிடத்தில் கட்டினால் என்ன, நடந்து கட்டினால் என்ன, வேவுக்காரனை முதலில் அனுப்பினால் என்ன, களஞ்சியத்தை முதலில் கட்டினால் என்ன என்று வரிவரியாக எழுதினார். ஒன்பதாவது முறையில் காட்டை வெட்டினால் இரண்டாவது குடியேறிக் கூட்டம் நான்கு முறை முன்னதாகக் கிளம்பும் என்று கண்டுபிடித்தார். "ஆரம்பத்துல விட்ட ஒரு முறை, கடைசியில பத்து முறை" என்பார். முதல் கோணல் முற்றும் கோணல் என்று நாம் வாயால் சொல்வதை அவர் தாளில் எண்ணாக எழுதிக் காட்டினார். பல வருடம் கழித்து அவர் கண்ணில் வெளிச்சத்தைப் பார்த்தேன். திறமைசாலிதான் அந்த மனுஷன், அதைச் சொல்லாவிட்டால் எனக்குப் பாவம்.

தொண்ணூற்றெட்டு இலையுதிர் காலத்தில் சோஃபியாவில் புதிதாகத் தொடங்கிய ஒரு விளையாட்டுத் தயாரிப்புக் கம்பெனி செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. இரண்டிரண்டு பேர் கொண்ட அணிகள், இந்த ஆட்டத்தின் முதல் அறுபது முறைகள் மட்டும் ஆட வேண்டும், அதிக நகரங்கள் வைத்திருக்கும் அணிக்குக் கம்பெனியில் இரண்டு வேலை. ஏன் அறுபது என்று கேட்க நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுத்தவர் சொன்னார்: "முடிவை யாருங்க ஆடறாங்க? எல்லாரும் பாதியிலேயே விட்டுடறாங்க. ஆரம்பம் நல்லா இருந்தாத்தான் ஆட்டம் விக்கும். எங்களுக்கு ஆரம்பம் போடத் தெரிஞ்ச ஆள் வேணும்."

மெதோதியிடம் சொன்னபோது உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு நாற்பது. அந்த வயதில் பெர்னிக்கில் வேலை என்றால் சந்தையில் காலுறை விற்பது, இல்லையென்றால் கிரீஸுக்குப் போய் யாருடைய முதுகையோ துடைத்துவிடுவது. ஆரம்பம் போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று உலகத்தில் ஒருவன் கேட்பான் என்று நாங்கள் கனவிலும் நினைத்ததில்லை. அந்த இரண்டு நாற்காலிகள் எங்களுக்கென்றே செய்து வைத்தவை போலிருந்தன.

எட்டு அணிகளில் ஆறு கழன்றன. மிஞ்சியது நாங்களும் துப்னிட்சா அணியும். அங்கே வாங்கெல் என்ற வேதியியல் வாத்தியாரும் அவர் மனைவி செவ்தாவும். எங்களில் யார் வீட்டிலும் இணையம் கிடையாது. ஆட்டத்தைப் பிளாப்பி வட்டில் பதிந்து, பஸ் டிரைவர் ஸ்தோய்னோ அண்ணனிடம் கொடுத்தனுப்பினோம். ஊறுகாய் ஜாடி, மருந்துச் சீட்டு, பல்செட்டு எல்லாவற்றையும் பஸ்ஸில்தான் கொடுத்தனுப்புவோம், அதோடு இதுவும். காலை பத்து மணி பஸ்ஸில் துப்னிட்சாவிலிருந்து வட்டு வரும், நாங்கள் இரண்டு பேரும் எங்கள் முறையை ஆடி, பன்னிரண்டரை பஸ்ஸில் திருப்பி அனுப்புவோம். நாளுக்கு ஒரு முறை. ஞாயிறு விடுமுறை.

"என்னம்மா, இன்னிக்கு யாரு யாரைக் கொன்னீங்க?" என்பார் ஸ்தோய்னோ அண்ணன், வட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே.

"இன்னும் காடுதான்ணே வெட்டிட்டிருக்கோம்."

"ஒரு மாசமாவா? மரம் பாக்கி இருக்கா?"

ஒரே கணிப்பொறி, ஒரே அறை, ஒரே அணி. ஆனால் மெதோதி முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆளுக்கொரு கடவுச்சொல். நான் ஆடும்போது நீ சமையலறைக்குப் போ. நீ ஆடும்போது நான் பால்கனிக்குப் போறேன். திட்ட ஒழுங்கு." கடவுச்சொல் போட்டால் ஒருவர் படை மற்றவருக்குத் தெரியாது. கம்பெனி அப்படி ஒரு விதியும் போடவில்லை. எனக்கு அது விசித்திரமாகவும் படவில்லை. நானும் சரி என்றேன்.

அவருடைய நாற்பது முறைத் திட்டத் தாளை மேசையில் விரித்தோம். பழைய தொழிற்சாலைத் தாள்தான், அமைச்சகத்தின் பெயர் தலைப்பில் அடித்திருந்தது. இத்தனையாவது முறையில் இத்தனை நகரம், இந்த மலைக்கு இந்தப் பாதை என்று அச்சடித்தது மாதிரி எழுதியிருந்தார். வலது ஓரம் பின்னால் மடிக்கப்பட்டு குண்டூசி குத்தியிருந்தது. நான் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார்.

அவர் வடக்கில், நான் தெற்கில். அவர் தன் நகரங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்தார். நான் என் நகரங்களுக்குத் தொழிற்சாலைப் பிரிவுகளின் பெயரை வைத்தேன்: வார்ப்படம், பட்டறை, பண்டகசாலை. மேற்கே ஒரு கணவாய். அதன் வாயிலில் குன்றின் மேல் நான் கட்டிய நகரத்துக்கு உணவுக்கூடம் என்று பெயர். அதைத் தாண்டாமல் வாங்கெல் எங்கள் பக்கம் வர முடியாது. முப்பதாவது முறையில் நாங்கள் இரண்டு நகரம் முன்னால் இருந்தோம். மெதோதியின் காடு வெட்டும் கணக்கு அப்படி வேலை செய்தது. சோஃபியாவில் வீடு எந்தப் பக்கம் பார்க்கலாம் என்றுகூட ஒருநாள் பேசினோம். "டிராம் சத்தம் இல்லாத இடமா இருக்கணும்" என்றார். அதிகம் பேசாதவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாற்பத்தோராவது முறையில், ஜனவரிக் கடைசிப் பனியில், வாங்கெலின் நான்கு குதிரைப்படைகள் உணவுக்கூடத்தின் முன்னால் வந்து நின்றன. பால்கனிக் கதவைத் திறந்தேன். மெதோதி காது மூடிய தொப்பியோடு புகைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு குதிரை நிக்குது. உங்ககிட்ட எவ்வளவு இருக்கு?"

அவர் சிகரெட்டைப் பார்த்தார். "ரெண்டு ஈட்டிப்படை. ஒண்ணு பழசு. உன்கிட்ட வந்து சேர மூணு முறை ஆகும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உன்கிட்ட?"

"ரெண்டு" என்றேன்.

"சமாளி" என்றார்.

அன்றைக்கு வட்டை அப்படியே அனுப்பினேன். வாங்கெல் தாக்கவில்லை, நகரத்தைச் சுற்றி வளைத்தார். மறுநாள் புதன்கிழமை. வேலையில்லாதவர்கள் தொழிலாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் நாள், அந்த வாரம் மெதோதி போட வேண்டும். பத்து மணி வட்டு வந்ததுமே தன் நகர்வை முடித்துவிட்டு வரிசையில் நிற்கப் போய்விட்டார். நான் தனியாக உட்கார்ந்து கூட்டிக் கழித்தேன். எதிரில் நான்கு, வாங்கெலுக்குப் பின்னால் இன்னும் எத்தனையோ. எங்களிடம் மெதோதியின் இரண்டு, அதில் ஒன்று பழசு, மூன்று முறைத் தூரத்தில். உணவுக்கூடம் விழுந்தால் அடுத்து வார்ப்படம், பட்டறை எல்லாம் வரிசையாக விழும். ஆட்டத்தில் உடன்படிக்கைப் பலகை ஒன்று உண்டு. பன்னிரண்டு மணிக்கு அதைத் திறந்தேன். உணவுக்கூடத்தைத் தருகிறேன், அறுபதாவது முறை வரை சமாதானம் என்று எழுதினேன். ஒன்றைக் கொடுத்து எட்டைக் காப்பாற்றுகிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

மெதோதி ஒரு மணிக்குத் திரும்பி வந்தார். சொன்னேன். முகம் சுண்ணாம்பாகிப் போனது.

"ரெண்டு பேரையும் கட்டுப்படுத்துமா அது?"

"ஒரே அணிதானே. ஆமா."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஸ்தோய்னோ இந்நேரம் பாதி வழியில ரதோமிர் ஊரைத் தாண்டியிருப்பான்" என்றார். பிறகு உட்கார்ந்து பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து உடைத்தார். பாதியைத் தின்றார், பாதியைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நகரத்துக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்து நான் பீன்ஸ் சூப்பைச் சூடுபண்ணிக் கொடுத்தேன்.

வாங்கெல் உடனே ஒப்புக்கொண்டார். மீதிப் பதினெட்டு முறைகள் ஆளுக்கொரு மூலையில் உழுதுகொண்டிருந்தோம். பிப்ரவரிக் கடைசியில் துப்னிட்சாப் பள்ளிக்கூடத்தின் கணிப்பொறி அறையில் கூடினோம். சோஃபியாக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். செவ்தா பெரிய தட்டு நிறையப் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். கம்பெனிக்காரர் எண்ணினார். துப்னிட்சா ஒன்பது நகரம், பெர்னிக் எட்டு. உணவுக்கூடம் எங்களிடம் இருந்திருந்தால் கணக்கு அப்படியே தலைகீழ். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, வாய்க்குள் போனதை நானே துப்பியிருந்தேன்.

"வரைபடங்களைப் பார்ப்போமா? கடவுச்சொல் சொல்லுங்க" என்றார் கம்பெனிக்காரர்.

"எங்க வீட்டுல கடவுச்சொல்லே கிடையாது சார்" என்றார் வாங்கெல். "ஒரே நாற்காலியில ரெண்டு பேரும் உக்காந்துதான் ஆடினோம். இவ என் தோள்ல கிள்ளிக்கிள்ளியே நகர்த்தினா."

"கிள்ளலைன்னா நீ இன்னும் முதல் நகரத்துலயே தூங்கிட்டிருப்ப" என்றாள் செவ்தா.

வாங்கெலின் வரைபடம் திறந்தது. அந்த நான்கு குதிரைப்படைகளுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. ஒரு ஈட்டிகூட இல்லை. நகரங்கள் எல்லாம் வாசல் திறந்து கிடந்தன. "அறுபதோட ஆட்டம் முடியுது, அப்புறம் எதுக்கு மிச்சம் வைக்கணும்? இருந்ததையெல்லாம் கொண்டுபோய் நிறுத்தினோம்" என்றார் அவர் சாதாரணமாக.

அடுத்து மெதோதியின் வரைபடம். உணவுக்கூடத்துக்குப் பின்னால், மலையின் மறுபக்கம், ஒரே ஒரு முறைத் தூரத்தில், ஒரு பள்ளத்தாக்கில் ஆறு குதிரைப்படைகள் நின்றுகொண்டிருந்தன. முப்பத்துமூன்றாவது முறையிலிருந்து அங்கேயே நிற்கின்றன. கம்பெனிக்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கையிருப்பு" என்றார் மெதோதி.

முதலில் செவ்தாதான் சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு இல்லை, தாங்க முடியாமல் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வாங்கெலைக் கட்டிப்பிடித்தார்கள், ரக்கியாச் சாராயம் ஊற்றினார்கள்.

திரும்பி வருகிற பஸ்ஸில், ஸ்தோய்னோ அண்ணனுக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து நான் ஆரம்பித்தேன். அதுவரை அவரை நீங்க என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

"ஆறு குதிரை. ஆறு! என்கிட்ட ரெண்டு ஈட்டின்னு சொன்னல்ல நீ? ஒண்ணு பழசுன்னு வேற சொன்ன!"

"ஆமா."

"யார்கிட்ட இருந்து ஒளிச்ச? அமைச்சகம் செத்து எத்தனை வருஷமாச்சு? நான் உன் அமைச்சகமா?"

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொல்லு! எதுக்கு வெச்சிருந்த? அறுபதோட முடியற ஆட்டத்துல எழுபதாவது முறைக்கா?"

"சொல்லியிருந்தா செலவு பண்ணியிருப்ப" என்றார் மெல்ல.

"செலவு பண்ணத்தான்யா படை! இப்ப எடுத்துக்கோ, உன் கல்லறையில கொண்டுபோய்க் கட்டு ஆறையும்!" பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்தோய்னோ அண்ணன் கண்ணாடியில் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்குத்தான் கொலையா?" என்றார். நான் விடவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி கதையைச் சொன்னேன். ரதோமிர் வருவதற்குள் பஸ்ஸில் எல்லோருக்கும் ஆறு குதிரை தெரிந்துவிட்டது. பெர்னிக் வருவதற்குள் அது ஊர்க் கதையாகிவிட்டது.

மெதோதி கோட்டுப் பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பனிட்சாவின் பாதியை எடுத்து என்னிடம் நீட்டினார். "காலையில இருந்து நீ ஒண்ணும் சாப்பிடல" என்றார். நான் வாங்கி ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தேன்.

வாங்கெலும் செவ்தாவும் சோஃபியாவுக்குப் போய்விட்டார்கள். நான் இரண்டு வருடம் காலுறை விற்றுவிட்டு, வோலோஸ் நகரத்துக்குப் போய் ஒரு கிரேக்கக் கிழவரின் முதுகைப் பதினோரு வருடம் துடைத்தேன். மெதோதி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடத்தில் காவலர் ஆனார். பலகைக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல். வண்டிகளை எந்த வரிசையில் நிறுத்தினால் எது முதலில் வெளியே போகலாம் என்று காலையிலேயே படம் போட்டு வைத்திருப்பாராம். எத்தனை கூட்டம் வந்தாலும் ஓர் இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு இல்லை என்பாராம். "மெதோதி, குதிரை கட்ட வெச்சிருக்கியா?" என்று ஹாரன் அடிப்பார்களாம். நான் திரும்பி வந்த பிறகு அந்த வழியாகப் பலமுறை போயிருக்கிறேன். அவர் தொப்பியைத் தொடுவார். நானும் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவேன். இந்த மார்ச்சில் ஒருநாள் அந்த ஸ்டூலிலிருந்து அவர் எழுந்திருக்கவில்லை.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டு வாங்கெலைச் சுற்றி நின்றபோது, திரையில் அடுத்த வரைபடம் திறந்துகொண்டது. என்னுடையது. கம்பெனிக்காரர் கடவுச்சொற்களை வரிசையாக அடித்துவிட்டு ரக்கியா வாங்கப் போயிருந்தார். கணிப்பொறி முன்னால் மெதோதி மட்டும் நின்றார். நான் அறையின் மறுமூலையிலிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியும். பண்டகசாலை என்று நான் பெயர் வைத்த நகரத்தில் ஏழு ஈட்டிப்படைகள் இருந்தன. இரண்டு இல்லை, ஏழு. உணவுக்கூடத்திலிருந்து ஒரு முறைத் தூரம். குன்றின் மேல் இருக்கிற நகரத்துக்குள் அந்த ஏழு படைகளையும் அனுப்பியிருந்தால், மெதோதியின் ஒரு குதிரைகூட இல்லாமல் வாங்கெலின் நான்கையும் நிறுத்தியிருக்கலாம். அனுப்ப மனம் வரவில்லை. நானும் பதினேழு வருடம் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்தவள்தானே. ஒரு நகரத்தைக் கொடுத்தேன், கையிருப்பைக் கொடுக்கவில்லை.

மெதோதி எண்ணினார். அவர் தலை ஏழு முறை அசைந்தது. பிறகு ஒரு விசையை அழுத்தினார், திரை இருண்டது. கம்பெனிக்காரர் திரும்பி வந்து, "என்னாச்சு?" என்றார். "தொங்கிப்போச்சு" என்றார் மெதோதி. யாரும் மறுபடி திறந்து பார்க்கவில்லை.

அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததால்தான் பஸ்ஸில் நான் முந்திக்கொண்டேன். முதல் நகர்வை யார் செய்கிறார்களோ அவர்களுக்கே நிலம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஊர் முழுக்கக் குதிரையை ஓட்டிவிட்டால் அப்புறம் ஈட்டியைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் எடுபடாது. அப்படிக் கணக்குப் போட்டேன், கணக்கு சரியாகவே இருந்தது.

ஆனால் அவர் சொல்லவே இல்லை. கூண்டுக்கு முன்னால் ஹாரன் அடித்துச் சிரித்தபோதும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதும், பாதிச் சிரிப்பு என் பக்கம் திரும்பியிருக்கும். பதினெட்டு வருடம் நான் அதற்காகக் காத்திருந்தேன், பயந்துகொண்டே இருந்தேன். அந்த ஏழு ஈட்டிகளையும் தாளின் ஓரம் மாதிரி மடித்துக் குண்டூசி குத்தி எங்கேயோ வைத்துக்கொண்டார். கடைசிவரை எடுத்துச் செலவு செய்யவில்லை.

இன்று காலை கத்தரியோடு கீழே போய் அந்தக் குதிரையை வெட்டி எடுத்துவிட்டேன். மூன்றாம் மாடிக்காரி படியில் நின்று பார்த்தாள். "பாவம் மெதோதி" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள். அவளிடமும் நான் அந்த ஏழு ஈட்டிகளைப் பற்றிச் சொல்லவில்லை.